விலகல் மடல் யாருக்குப் போக வேண்டும்?

மின்னஞ்சல் குழுக்களில் சேர்வது, விலகுவது, மடல்களின் வரத்தைக் குறைத்துக்கொள்வது ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை விடை தருகிறோம். கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்துகளில் அச்சிட்டிருந்தாலும், மடலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

கேள்வி: ஒரு மின்னஞ்சல் குழுவிலிருந்து விலக விரும்பி, 'என்னை நீக்கிவிடுங்கள்' என்று அந்தக் குழுவின் முகவரிக்கே மூன்று முறை எழுதினேன். மடல்கள் நிற்கவில்லை. முன்பின் அறியாத இருவர் என்னைக் கடிந்து எழுதியதுதான் மிச்சம். நான் செய்த தவறு என்ன?

பதில்: ஒரு மின்னஞ்சல் குழுவுக்குக் குறைந்தது இரண்டு முகவரிகள் இருக்கும். ஒன்று உறுப்பினர்களுக்கு உரியது. அதற்கு எதை அனுப்பினாலும், குழுவில் நூறு பேர் இருந்தால் நூறு பேருக்கும் அது போய்விடும். மற்றொன்று குழுவை நடத்தும் மென்பொருளுக்கு உரியது; சேர்க்கை, விலகல், விருப்பத் தெரிவுகள் ஆகிய அனைத்தையும் அதனிடம்தான் சொல்ல வேண்டும். நீங்கள் மூன்று முறையும் முதல் முகவரிக்கு எழுதியிருக்கிறீர்கள். படித்தவர்களில் யாருக்கும் உங்களை நீக்கும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள மென்பொருளோ உங்கள் மடலைக் கட்டளையாகப் பார்க்கவே இல்லை, மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டிய இன்னொரு மடலாகக் கருதி அனுப்பிவைத்துவிட்டது. உங்களைக் கடிந்துகொண்டவர்களும் இரண்டாவது முகவரியைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்; கடிந்துகொள்ளவும் அதே நேரம்தானே ஆகிறது.

இரண்டாவது முகவரி எது என்பது மென்பொருளைப் பொறுத்தது. மெயில்மேன் என்ற மென்பொருளில் இயங்கும் குழுவாக இருந்தால், குழுவின் பெயரை அடுத்து ஒரு சிறு கோடும் 'ரெக்வெஸ்ட்' என்ற சொல்லும் சேர்ந்து, அதன்பின் அட் குறியும் தளப்பெயரும் வரும். இந்த வழக்கம் மிகப் பழையது. நிர்வாக வேண்டுகோள்களுக்கு இப்படியொரு முகவரி இருக்க வேண்டும் என்பதை 1997-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2142 என்னும் இணைய நெறி ஆவணம் எழுத்தில் பதிவு செய்தது. அதே மெயில்மேனில் 'ரெக்வெஸ்ட்' இருக்கும் இடத்தில் 'லீவ்' என்று போட்டு ஒரு வெற்று மடலை அனுப்பினாலும் விலகல் வேண்டுகோளாக ஏற்கப்படும். அங்கே முகவரியே கட்டளை என்பதால் உள்ளே எதுவும் எழுத வேண்டியதில்லை. ஈசட்எம்எல்எம் என்ற மென்பொருளும் முகவரியையே கட்டளையாகக் கொள்வதுதான். அதில் கோட்டுக்குப் பின் 'அன்சப்ஸ்க்ரைப்' என்ற சொல் வரும். கூகுள் குழுக்களில் கோட்டுக்குப் பதிலாகக் கூட்டல் குறி. லிஸ்ட்சர்வ், மேஜர்டோமோ ஆகிய இரண்டும் வேறு வகை. அவற்றில் ஒரு சர்வரிலுள்ள எல்லாக் குழுக்களுக்கும் கட்டளை முகவரி ஒன்றே. அட் குறிக்கு முன்னால் அந்த மென்பொருளின் பெயர் இருக்கும். ஆகவே எந்தக் குழுவிலிருந்து விலகுகிறீர்கள் என்பதை மடலுக்குள் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: கட்டளையைப் பொருள் வரியில் எழுதுவதா, மடலின் உள்ளே எழுதுவதா? நான் மிகுந்த பணிவோடு ஒரு பத்தி எழுதி அனுப்பினேன். வரிக்கு வரி 'புரியவில்லை' என்று பதில் வந்தது.

பதில்: உங்கள் பணிவுக்குக் கிடைத்த மரியாதையை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த இயந்திரம் ஒவ்வொரு வரியையும் ஒரு கட்டளையாகப் படிக்கிறது. 'அன்புடையீர், வணக்கம்' என்பதும் அதற்கு ஒரு கட்டளைதான். அப்படியொரு கட்டளை தன்னிடம் இல்லாததால் பிழை என்கிறது. எனவே வணக்கமும் நன்றியும் இல்லாமல், ஒரு வரிக்கு ஒரு கட்டளையாக எழுதுவதே முறை.

லிஸ்ட்சர்வும் மேஜர்டோமோவும் பொருள் வரியைப் பார்ப்பதே இல்லை. உள்ளடக்கத்தை மட்டும் படிக்கும். மெயில்மேன் இரண்டையும் படிக்கும். எதுவென்று தெரியாதபோது உள்ளடக்கத்தில் எழுதுவதே பாதுகாப்பானது. லிஸ்ட்சர்வ் குழுவில் சேர, 'சப்ஸ்க்ரைப்' என்ற சொல், குழுவின் பெயர், உங்கள் பெயர் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுத வேண்டும். விலக, 'சைன்ஆஃப்' என்ற சொல்லும் குழுவின் பெயரும் போதும். குழுப் பெயரின் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியை இட்டால், அந்தச் சர்வரில் நீங்கள் உறுப்பினராக உள்ள எல்லாக் குழுக்களிலிருந்தும் ஒரேயடியாக விலகிவிடுவீர்கள் என்பதால், அந்தக் குறியைக் கை தவறித் தட்டிவிடாதீர்கள். மேஜர்டோமோவில் 'அன்சப்ஸ்க்ரைப்' என்ற சொல்லோடு குழுவின் பெயரை எழுத வேண்டும். மெயில்மேனில் குழுவின் பெயர் முகவரியிலேயே இருப்பதால் 'அன்சப்ஸ்க்ரைப்' என்ற ஒரு சொல்லே போதுமானது.

வண்ணங்களும் எழுத்துருக்களும் கொண்ட மடலாக அனுப்பாமல், வெற்றுரையாக அனுப்புங்கள். உங்கள் செயலியின் அமைப்புகளில் அதற்கு ஒரு தெரிவு இருக்கும். மடலின் அடியில் உங்கள் பெயரும் பதவியும் தொலைபேசி எண்ணும் தானாகவே ஒட்டிக்கொள்கின்றன என்றால், கட்டளைக்கு அடுத்த வரியில் 'எண்ட்' என்று எழுதிவிடுங்கள். மெயில்மேனும் மேஜர்டோமோவும் அந்தச் சொல்லைக் கண்டதும் படிப்பதை நிறுத்திவிடும். உங்கள் பதவியைப் பார்த்துப் 'புரியவில்லை' என்று சொல்லாது.

இந்த விறைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கு வயது நாற்பதை ஒட்டிவிட்டது. 1986-இல், பாரிசில் பொறியியல் மாணவராக இருந்த எரிக் தாமஸ், பிட்நெட் என்ற கல்வி நிறுவன வலையமைப்புக்காக லிஸ்ட்சர்வை எழுதினார். அதற்கு முன் ஒருவர் சேர்வதையும் விலகுவதையும் ஒரு மனிதர் உட்கார்ந்து கையால் திருத்த வேண்டியிருந்தது. லிஸ்ட்சர்வ் என்ற பெயர் ஆங்கிலத்தில் எட்டு எழுத்தோடு முடிந்திருப்பதற்குக் காரணம், அன்றைய ஐபிஎம் பெருங்கணினிகளில் பயனர் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்புதான். 1992-இல் மேஜர்டோமோ வந்தது. 1990-களின் பிற்பகுதியில் மெயில்மேன் வந்தது. இணையப் பக்கத்தைத் திறக்க வசதியில்லாத ஒருவரிடமும் மின்னஞ்சல் மட்டும் இருந்த காலத்தில், எல்லா வேலையையும் மடலாலேயே முடித்துக்கொள்ள இவை வழி செய்தன.

கேள்வி: சரியான முகவரிக்குச் சரியான கட்டளையை அனுப்பியும் 'நீங்கள் இந்தக் குழுவின் உறுப்பினர் அல்லர்' என்று பதில் வருகிறது. ஆனால் நாள்தோறும் பத்து மடல்கள் வந்துகொண்டிருக்கின்றன. இது என்ன விந்தை?

பதில்: எங்களுக்கு வரும் கேள்விகளில் இதுவே மிகுதி. இயந்திரம் சொல்வதும் உண்மை, நீங்கள் சொல்வதும் உண்மை. அது உங்களை ஆளாக அறியாது. ஒரு முகவரியாக மட்டுமே அறியும். எப்போதோ வேறொரு முகவரியைக் கொடுத்துச் சேர்ந்திருப்பீர்கள்; அந்த முகவரிக்கு வரும் மடல்கள் இன்றைய அஞ்சல் பெட்டிக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கும்; திருப்பிவிட்டதை நீங்களே மறந்திருப்பீர்கள். பழைய அலுவலக முகவரி, படித்த காலத்தில் கிடைத்த கல்லூரி முகவரி, பெயருக்கு நடுவே ஒரு கூட்டல் குறியிட்டு உண்டாக்கிய துணை முகவரி ஆகியவைதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

எனவே முதல் வேலை, எந்த முகவரியில் உறுப்பினராக இருக்கிறீர்கள் என்று கண்டறிவது. குழுவிலிருந்து வந்த ஒரு மடலைத் திறந்து, அதன் முழுத் தலைப்புத் தகவல்களையும் காட்டும்படி செயலியிடம் கேளுங்கள். வழக்கமாக நம் கண்ணுக்கு மறைத்து வைக்கப்படும் அந்த நீண்ட வரிகளில் 'ரிட்டர்ன்-பாத்', 'டெலிவர்ட்-டூ' என்ற இரண்டைத் தேடுங்கள். பல குழுக்களில் 'ரிட்டர்ன்-பாத்' வரியில், குழுவின் பெயருக்கு அடுத்து உங்கள் முகவரியே பொதிந்திருக்கும். அட் குறிக்குப் பதிலாகச் சமக்குறி இருக்கும் என்பது மட்டுமே வேறுபாடு. எந்த உறுப்பினருக்கு அனுப்பிய மடல் திரும்பி வந்தது என்று சர்வர் அறிந்துகொள்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. மறந்த முகவரியைத் தேடுகிற நமக்கும் உதவுகிறது. பழைய மெயில்மேன் குழுவாக இருந்து, மாதத்தின் முதல் நாளில் கடவுச்சொல் நினைவூட்டல் மடல் வந்தால், அதிலும் அந்த முகவரி இருக்கும்.

முகவரி தெரிந்த பிறகு, 'அனுப்புநர்' இடத்தில் அதையே வைத்துக் கட்டளையை அனுப்புவது நேரான வழி. அந்த முகவரியிலிருந்து இப்போது அனுப்ப முடியாது என்றால், மெயில்மேனில் 'அன்சப்ஸ்க்ரைப்' என்ற சொல்லுக்குப் பின் 'அட்ரஸ்' என்ற சொல், ஒரு சமக்குறி, பழைய முகவரி ஆகியவற்றை இடைவெளி விடாமல் சேர்த்து எழுதி அனுப்பலாம். உறுதிசெய்யக் கோரும் மடல் பழைய முகவரிக்குப் போகும். அது திருப்பிவிடப்பட்டு உங்களையே வந்தடையும்.

கேள்வி: விலகக் கேட்டால் மறுபடியும் 'உறுதிசெய்யுங்கள்' என்று ஒரு மடல் வருகிறது. ஒருமுறை சொன்னது போதாதா?

பதில்: போதாது. மின்னஞ்சலில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் யாருடைய முகவரியையும் யார் வேண்டுமானாலும் எழுதிவிட முடியும். உறுதிசெய்தல் இல்லையென்றால், உங்களுக்கு வேண்டாதவர் உங்கள் பெயரால் நாற்பது குழுக்களில் உங்களைச் சேர்த்துவிடலாம். நீங்கள் விரும்பும் குழுவிலிருந்து நீக்கியும் விடலாம். அதனால்தான் மென்பொருள் ஒரு நீண்ட குறியெண்ணை உருவாக்கி, குறிப்பிட்ட முகவரிக்கு அனுப்பி, அது அங்கிருந்தே திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. மெயில்மேனில் அந்த மடலின் பொருள் வரியை மாற்றாமல் அப்படியே மறுமொழியாக அனுப்பினால் போதும். பழைய மெயில்மேனின் இயல்பான அமைப்பில் அந்தக் குறியெண் மூன்று நாளில் காலாவதியாகிவிடும். எனவே கட்டளையை அனுப்பிய அன்றே ஸ்பேம் பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீங்கள் கேட்காமலே அப்படியொரு மடல் வந்தால், பதில் அனுப்பாமல் விட்டுவிடலாம்; எதுவும் நடக்காது.

கேள்வி: குழுவில் நீடிக்க விரும்புகிறேன், ஆனால் மடல் வெள்ளத்தைத் தாங்க முடியவில்லை. இடைவழி உண்டா?

பதில்: உண்டு, விலகுவதற்கு முன் எல்லோரும் முயன்று பார்க்க வேண்டியதும் இதுவே. பல மடல்களை ஒன்றாகக் கட்டி அனுப்பும் தொகுப்பு மடலுக்கு மாறிக்கொள்ளலாம். லிஸ்ட்சர்வில் 'செட்', குழுவின் பெயர், 'டைஜெஸ்ட்' என்ற வரிசையில் எழுதினால் ஆயிற்று. வெளியூர்ப் பயணத்தின்போது உறுப்பினராக இருந்துகொண்டே வரத்தை நிறுத்திவைக்க 'டைஜெஸ்ட்' என்ற இடத்தில் 'நோமெயில்' என்றும், மீண்டும் பெற 'மெயில்' என்றும் எழுதலாம். இப்போது உங்கள் தெரிவுகள் எப்படி இருக்கின்றன என்று அறிய 'குவெரி' என்ற சொல்லையும் குழுவின் பெயரையும் அனுப்பிப் பாருங்கள். பழைய மெயில்மேனில் முதல் வரியில் 'செட் ஆதென்டிகேட்' என்பதோடு உங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் 'செட் டெலிவரி ஆஃப்' என்றோ 'செட் டைஜெஸ்ட் ப்ளெய்ன்' என்றோ எழுத வேண்டும். சாதாரண மடலில் அப்படியே தெரியும்படி போகிற அந்தக் கடவுச்சொல்லை வங்கிக்கோ வேறெதற்குமோ பயன்படுத்தியிருக்கக் கூடாது என்று சொல்லவே வேண்டியதில்லை.

கேள்வி: நான் விலகவே இல்லை, ஒரு குழுவின் மடல்கள் திடீரென்று நின்றுவிட்டன. காரணம் என்ன?

பதில்: உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பியிருந்ததா என்று பாருங்கள். அனுப்பிய மடல் திரும்பி வரும்போதெல்லாம் மெயில்மேன் உங்கள் கணக்கில் ஒரு புள்ளியை ஏற்றும். இயல்பான அமைப்பில் ஐந்து புள்ளி சேர்ந்தால் உங்களுக்கு அனுப்புவதை நிறுத்திவிடும். ஒரே நாளில் எத்தனை மடல் திரும்பினாலும் ஒரு புள்ளிதான். நிறுத்திய பிறகு வாரத்துக்கு ஒன்றாக மூன்று நினைவூட்டல்கள் வரும். அவற்றுக்கும் விடை இல்லையென்றால் பெயரே நீக்கப்படும். பெட்டியைக் காலி செய்துவிட்டு, நினைவூட்டலுக்கு மறுமொழி அனுப்பினால் பழையபடி வரத் தொடங்கும்.

கேள்வி: என் அஞ்சல் செயலியில் அனுப்புநர் பெயருக்கு அருகிலேயே 'விலகு' என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் போதாதா? ஸ்பேம் என்று குறித்துவிடுவது இன்னும் எளிதல்லவா?

பதில்: பொத்தான் இருந்தால் தாராளமாக அழுத்தலாம். 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2369, குழு மடல் ஒவ்வொன்றின் மறைந்த தலைப்பிலும் 'லிஸ்ட்-அன்சப்ஸ்க்ரைப்' என்ற வரியில் விலகும் முகவரியை வைக்க வழி செய்தது. பொத்தான் அந்த வரியைத்தான் படிக்கிறது. பல நேரங்களில் அது செய்வது, மேலே சொன்ன கட்டளை மடலை உங்கள் சார்பில் அனுப்புவது மட்டுமே. பொத்தானே இல்லாத செயலியிலும் அந்த வரியைத் தேடிப் படித்துச் சரியான முகவரியை எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வரியில் இணைய இணைப்பை வைத்தபோது ஒரு சிக்கல் வந்தது. வரும் மடல்களைச் சோதிக்கும் பாதுகாப்பு மென்பொருள்கள் அதிலுள்ள இணைப்புகளைத் தாமே திறந்து பார்க்கும். திறந்ததுமே விலகல் நிகழும் என்றால், உறுப்பினர் அறியாமலே அவர் பெயர் நீங்கிவிடும். இதைத் தவிர்க்கவே, இணைப்பை வெறுமனே திறப்பதால் மட்டும் விலகல் நிகழாத 'ஒரே சொடுக்கு விலகல்' என்ற முறையை 2017-இல் ஆர்எஃப்சி 8058 வகுத்தது. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர், விளம்பர மடல்களிலும் சந்தா மடல்களிலும் இந்த ஒரே சொடுக்கு விலகலைத் தந்து, கேட்டவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது.

ஸ்பேம் என்று குறிப்பது வேறு. நீங்களே கேட்டுச் சேர்ந்த குழுவை அப்படிக் குறித்தால், அந்தச் சர்வரின் நற்பெயர் கெட்டு, விரும்பிப் படிக்கும் மற்ற உறுப்பினர்களின் மடல்களும் ஸ்பேம் பெட்டிக்குப் போகத் தொடங்கும். அது நியாயமல்ல என்பது எங்கள் கருத்து. கேட்காமலே எங்கிருந்தோ வரும் மடலுக்கோ நேர்மாறான அறிவுரை: அதில் விலகும் வழியைத் தொடாதீர்கள். உங்கள் முகவரி உயிரோடு இருக்கிறது என்பதை அனுப்பியவருக்கு நீங்களே சொன்னதாகிவிடும். அங்கே ஸ்பேம் பொத்தான்தான் சரி.

கேள்வி: எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது; ஒன்றும் பலிக்கவில்லை. இனி யாரை அணுகுவது?

பதில்: இப்போதுதான் மனிதரை அணுக வேண்டும். மெயில்மேன் குழுக்களில் குழுவின் பெயருக்கும் கோட்டுக்கும் பின் 'ஓனர்' என்ற சொல்லைச் சேர்த்து எழுதினால், மடல் குழு நிர்வாகிக்குப் போகும். இங்கே உங்கள் வணக்கமும் பணிவும் பயன்படும். 'விலக முடியவில்லை' என்று மட்டும் எழுதினால் அவரும் உங்கள் முகவரியைப் பட்டியலில் தேடிவிட்டு, இல்லை என்றுதான் சொல்வார். அண்மையில் வந்த ஒரு குழு மடலின் முழுத் தலைப்புத் தகவல்களையும் நகலெடுத்து ஒட்டி அனுப்புங்கள்.