ஜெர்மனியில் பழைய பொருள் வாங்குவது: டோர்ட்முண்ட் வரும் தம்பிக்கு

அக்டோபரில் மேற்படிப்புக்கு டோர்ட்முண்ட் வருகிறேன், கட்டில், மேஜை, சைக்கிள் எல்லாம் ஆன்லைனில் பழையதாக வாங்கச் சொல்கிறார்கள், இந்த ஊரில் ஏன் இத்தனை பேர் பழைய பொருள் வாங்கி விற்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே குக்கர், குளிர் உடை, பகுதிநேர வேலை பற்றியும். குக்கர் ஒன்று போதும். குளிர் உடையை இங்கே வந்து வாங்குங்கள். வேலை பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய பொருள் விஷயத்தை நான் சொல்கிறேன் தம்பி.

முதல் காரணம், இங்கே வாடகை வீடு பெரும்பாலும் மொட்டையாகத்தான் கிடைக்கும். 2013-ல் எனக்குக் கிடைத்த வீட்டின் சமையலறையில் தண்ணீர்க் குழாயும் அடுப்புக்கான மின் இணைப்பும் மட்டும்தான் இருந்தன. அலமாரி, சிங்க், அடுப்பு எல்லாவற்றையும் முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருந்தார். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒயர் தொங்கியது. நான் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை இரவு. மறுநாள் ஞாயிறு, ஒரு கடையும் திறக்காது. ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்குதான் இரண்டு வேளைக்கும். வீடு மாறும் ஒவ்வொருவருக்கும் இதே கதை என்பதால்தான் சமையலறையே முழுதாக விற்பனைக்கு வருகிறது.

இரண்டாவது காரணம் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. அங்கே பழைய பீரோவைக் கொடுத்தால் எடைக்குக் காசு தந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போக ஆள் தெருவிலேயே வருவார். இங்கே அதை மாடியிலிருந்து இறக்குவதற்கே கூலி கொடுக்க வேண்டும். நினைத்த நாளில் தெருவில் வைக்கவும் முடியாது, பல நகரங்களில் மாநகராட்சியிடம் முன்கூட்டியே நாள் கேட்க வேண்டும். அதனால் யாராவது வந்து தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று விற்கிறார்கள். நல்ல மேஜையைப் போட்டுவிட்டு, ஒரு சாக்லேட் கொண்டுவந்தால் போதும் என்று எழுதுபவர்களும் உண்டு. கைநிறையச் சம்பாதிக்கும் டாக்டர் வீட்டிலும் குழந்தை உடுப்பைப் பழையதாகத்தான் வாங்குவார்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நம் ஆட்களில் சிலர் இதை இன்னும் ஒத்துக்கொள்வதில்லை. வந்த மாதமே தவணையில் புது சோபா வாங்கி, போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். இன்னும் சிலர், படிப்பு முடித்துக் கிளம்பும்போது தாங்கள் சும்மா வாங்கிய கட்டிலைப் புதிதாக வரும் பிள்ளைகள் தலையில் நூறு யூரோவுக்குக் கட்டுவார்கள். 'நம்ம ஊர்ப் பையன்' என்ற பேச்சோடுதான் அது நடக்கும். எனக்கு இதைப் பார்த்தால் ஆத்திரம் வரும். யாரிடம் வாங்கினாலும், இங்கே எல்லோரும் பழைய பொருள் வாங்கி விற்கும் கிளைன்அன்ஸைகன் (Kleinanzeigen) என்ற இணையதளத்தில் அதே பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 2023 வரை அதன் பெயரில் 'இபே' சேர்ந்திருந்தது, பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள்.

எனக்கு அந்தத் தளத்தைக் காட்டியது ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். எண்பதுகளில் வந்தவர். அப்போது ஆன்லைன் ஏது? பெரிய சாமான்களை வீதியில் வைக்கும் நாளில், இருட்டும் முன் போய்ப் பார்த்து வீட்டையே நிரப்பினாராம். "வெட்கப்பட்டிருந்தால் தரையில்தான் படுத்திருப்பேன், பிள்ளை" என்பார். என் முதல் அடுப்பு வாங்க அவரே கூட வந்து, எல்லாத் தட்டையும் சூடாக்கிப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்க விட்டார்.

இப்போது எச்சரிக்கை. பொருளைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். பேபாலில் 'நண்பர்களுக்கு' என்ற வழியில் அனுப்பச் சொன்னால் விட்டுவிடுங்கள், அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. நீங்கள் விற்கும்போதும் கவனம் வேண்டும். "பணம் கட்டிவிட்டேன், இந்த லிங்கில் கார்டு எண்ணைப் போட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று செய்தி வந்தால் அது திருட்டுதான்.

வீட்டு விளம்பரம் இன்னும் ஆபத்து. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, விமானம் ஏறும் முன்பே இப்படி இரண்டு மாத வாடகையை இழந்து வந்து சேர்ந்தாள். சட்டப்படி முன்பணம் அடிப்படை வாடகையில் (ஹீட்டர், தண்ணீர் போன்ற செலவு சேராதது) மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது, அதையும் மூன்று தவணையில் கட்டலாம். பழைய குடித்தனக்காரர் சமையலறையை விற்றால், அதன் மதிப்பை விட 50 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் கேட்பதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.

சைக்கிளுக்கு வருவோம். பாதி விலைக்குப் புத்தம் புது சைக்கிள் என்றால் சந்தேகப்படுங்கள். திருட்டு வண்டி என்று தெரிந்தால், தெரியாமல் வாங்கியிருந்தாலும் அது உங்களுடையது ஆகாது. சைக்கிளும் போகும், காசும் போகும். சைக்கிள் ஃபிரேமில் பொறித்த எண், விற்பவர் பெயர், கையெழுத்து மூன்றோடும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பிரேக் இல்லாமலோ, இருட்டில் முன்பின் விளக்கு இல்லாமலோ ஓட்டினால் போலீஸ் அபராதம் போடும்.

பேரம் பேசலாம். விலை பக்கத்தில் 'VB' (ஃபௌ பே) என்ற இரண்டு எழுத்து இருந்தால் அவர்களே அதற்கு இடம் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் எடுத்த எடுப்பில் "கடைசி விலை என்ன?" என்று எழுதினால் பதிலே வராது. வணக்கம், உங்கள் பெயர், எப்போது வந்து எடுப்பீர்கள் என்று ஜெர்மனில் மூன்று வரி எழுதுங்கள், சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். எனக்கு நல்ல சாமான்கள் கிடைத்ததெல்லாம் இப்படித்தான்.

மெத்தை மட்டும் புதிதாக வாங்குங்கள் தம்பி. மூட்டைப்பூச்சி ஒருமுறை வீட்டுக்குள் வந்தால், அதை ஒழிக்க ஆகும் செலவில் நாலு புது மெத்தை வாங்கலாம்.