தீர்த்தன் ஆற்றோரம் குழந்தைகளோடு நடக்கலாமா?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். மே கடைசியில் நான், கணவர், பத்து வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், 66 வயது மாமியார் என ஐந்து பேரும் இமாசலம் போவதாக இருக்கிறோம். மலைக்காட்டுக்குள் ஆற்றை ஒட்டி நடக்கிற மாதிரி சுலபமான பாதை வேண்டும். தீர்த்தன் பள்ளத்தாக்கு நன்றாக இருக்கும் என்கிறார்கள். மாமியாருக்கு லேசான மூட்டுவலி உண்டு. போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். டெல்லியிலிருந்து முதல்முறை மலையில் நடக்கக் கிளம்பும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வதே இந்த ஆற்றோரத்தைத்தான். குஷைனி கிராமத்திலிருந்து ரோலா வரை போகும் பாதை அது. ஒரு வழி சுமார் 10 கி.மீ. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பெரும் இமாலயத் தேசியப் பூங்காவுக்குள் கொண்டுபோய் விடும். ஊர்க்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சுமை ஏற்றிய கோவேறு கழுதைகளும் தினமும் போய்வரும் வழி என்பதால் தடம் தெளிவாக இருக்கும். ஏற்றமும் மெதுவானதுதான்.

ஆனால் ரோலாவைத் தொட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். போக வர 20 கி.மீ. உங்கள் வீட்டு ஆட்களுக்கு மிக அதிகம். தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆறு வயதுக் குழந்தை நின்று, கல் பொறுக்கி, தண்ணீர் குடித்து நடந்தால் மணிக்கு 2 கி.மீ. போவதே பெரிது. காலை 8 மணிக்குக் கிளம்பினால், 10 மணி அடித்ததும் எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்பிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குள் குஷைனிக்கு வந்துவிடலாம்.

இந்த நேரத்தை முந்தின இரவே எல்லோருக்கும் சொல்லிவிடுவது முக்கியம். ஒருமுறை நான் கூட்டிப்போன குடும்பத்தில், பிள்ளைகள் துள்ளிக்கொண்டு போகிறார்களே என்று ஒரு மணி நேரம் கூடுதலாக நடக்க விட்டேன். திரும்பும்போது சின்னவள் பாதி வழியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அப்பா அவளை முதுகில் சுமந்து கரடுமுரடான இறக்கத்தில் தடுமாறியதைப் பார்க்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. தப்பு என்னுடையது. குழந்தைகள் களைப்பை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கணக்கு வைக்க வேண்டும்.

மாமியார் விஷயத்தில் ஏற்றத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். மூட்டு வலிப்பது இறங்கும்போதுதான், இந்தப் பாதையில் இறக்கம் திரும்பி வரும் வழியில் இருக்கிறது. போகும்போது “எனக்கு ஒன்றுமில்லை” என்று அவர் சொன்னாலும், ஒரு மணி நேரத்தில் உங்களில் ஒருவர் அவரோடு திரும்பிவிடுவது நல்லது. ஊன்றுகோல் ஒன்று கட்டாயம் வேண்டும். இப்போதிருந்தே உங்கள் பக்கத்திலிருக்கும் சஞ்சய் ஏரிப் பூங்காவில் தினமும் 2, 3 கி.மீ. நடக்கச் சொல்லுங்கள். புதுக் காலணி வாங்குவதாக இருந்தால் அதையும் அங்கேயே போட்டுப் பழகட்டும்.

அடுத்தது தண்ணீர். பாதை சுலபம் என்பதால் ஆறும் சுலபம் என்று நினைத்துவிடுகிறோம், அங்கேதான் ஆபத்து. தீர்த்தனில் மே, ஜூனில் ஓடுவது உருகிய பனி. வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, காலையில் கணுக்கால் நனைந்த இடத்தில் மாலையில் முழங்காலுக்கு மேல் வந்துவிடலாம். அதனால் ஆற்றோரம் உட்காருவதைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வையுங்கள். அது நனைய ஆரம்பித்தால் எழுந்துவிட வேண்டும். தெளிந்து ஓடிய நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, மலைமேல் எங்கோ மழை கொட்டுகிறது என்று பொருள். பையைக்கூட எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

குளிக்கவே வேண்டாம். நம்மூர் ஆற்றில் நீந்தத் தெரிந்தவருக்கும் இந்தக் குளிரில் இறங்கிய கணமே மூச்சு திணறும், கை கால் மரத்துப்போகும். பாறைகள் வழுவழுவென்று இருக்கும். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டமில்லாத ஓரமாகப் பார்த்துக் கால் நனைத்தால் போதும்.

போகிற வழியைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. காஷ்மீரி கேட்டிலிருந்து இரவில் மணாலி பஸ் பிடித்தால் காலையில் ஔட் என்ற ஊரில் இறங்கலாம். அங்குள்ள சுரங்கப்பாதைக்கு முன்னால் இறக்கிவிடச் சொல்லிக் கண்டக்டரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். அங்கிருந்து டாக்சியில் லார்ஜி, பஞ்சார் வழியாகக் குஷைனி. சொந்தக் காரில் போவதானால், மண்டிக்கும் ஔட்டுக்கும் நடுவில் பியாஸ் ஆறு கூடவே வரும், இறங்கிப் படம் எடுக்க ஆசையாக இருக்கும். அங்கே ஆற்றுப் படுகையில் கால் வைக்காதீர்கள். 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர், தலௌட் அருகே பாறைகளில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துக்கொண்டு போனது. ஒரு நிமிடம் முன்புவரை அங்கே முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லாதது போலத்தான் தெரியும்.

பூங்கா எல்லைக்கு வெளியே நடக்க அனுமதிச் சீட்டு வேண்டாம், நீங்கள் அதைத் தாண்டப் போவதில்லை. பயணம் ஏதாவது காரணத்தால் ஜூலைக்குத் தள்ளிப்போனால் ரத்து செய்துவிடுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவும் திடீர் வெள்ளமும் அந்தப் பக்கம் சகஜம்.

பிள்ளைகளுக்கு முழுக்கால் பேன்ட் போடுங்கள். பாதையோரம் பிச்சு பூட்டி என்கிற செடி நிறைய இருக்கும். நம்மூர் செந்தட்டி மாதிரி, பட்டால் சுரீர் என்று எரியும். தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவினால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். ஒரு நாள் பொறுத்துச் சாப்பிட மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் தாங்கும், தயிர்சாதம் தாங்காது. செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம், பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆற்றின் நடுப் பாறைகளில் டிப்பர் என்ற பழுப்பு நிறக் குருவி உட்கார்ந்து, முழங்கால் மடக்குவது போல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். திடீரென்று தண்ணீருக்குள் இறங்கி, அடியில் நடந்து பூச்சி தேடிவிட்டு, வேறொரு பக்கத்தில் எழும்பும். அது எங்கே எழும்புகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் அரை மணி நேரம் அசையாமல் உட்காருவான். அதற்குள் பாட்டிக்கும் கால் ஆறிவிடும்.