தயிர்சாதம் இல்லாத பந்தியா? வீகன் கூட்டுச் சாப்பாட்டில் கேட்ட கேள்விகள்

சென்னையில் மாதம் ஒரு ஞாயிறு வீகன் நண்பர்கள் கூடுகிறோம். ஆளுக்கொரு பதார்த்தம் வீட்டில் சமைத்துக் கொண்டுவர வேண்டும், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் சேராத சமையல். நான் உணவியல் ஆலோசகர் என்பதால் எல்லோரும் கை கழுவி வந்ததும் கேள்விகள் என் பக்கம் திரும்பிவிடும். வர முடியாதவர்கள் எழுதிக் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: நான் பிறந்ததிலிருந்து சைவம். பால் கறப்பதில் எந்த உயிரையும் கொல்லவில்லையே அம்மா, அதை ஏன் விட வேண்டும்?

ஐயா, மாடு கன்று போட்டால்தான் பால் சுரக்கும். வருஷத்துக்கொரு கன்று போட்டால்தான் பண்ணைக்குக் கட்டுபடியாகும். அந்தக் கன்றில் பாதி காளைக்கன்று. ஏரும் வண்டியும் இருந்த காலத்தில் அதற்கு ஒரு வேலை இருந்தது, டிராக்டர் வந்தபிறகு அதுவும் இல்லை. கறவை நின்ற பசு என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரில் பெயரே இருக்கிறது, அடிமாடு. கன்று செத்துப்போனால் அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் விடும். கிராமத்தில் வளர்ந்த பலர் இதைப் பார்த்திருப்பார்கள். கறிக்கடைக்கும் பால்கூடத்துக்கும் நடுவில் நாம் நினைக்கிற அளவு தூரம் இல்லை ஐயா. புலாலை மறுத்த உங்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை.

கிண்டி, கல்லூரி மாணவர்: ஜிம் போறேன் அக்கா. முட்டையை விட்டா புரோட்டீனுக்கு என்ன பண்றது?

தம்பி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 அளவுப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 65 கிலோ ஆணுக்குச் சுமார் 54 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரிசி, கேழ்வரகு என்று நாள் முழுக்கத் தானியம் 250 கிராம் சாப்பிட்டால் அதிலேயே 20 கிராம் வந்துவிடும். பருப்பு 60 கிராமில் 14. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. மீல்மேக்கர் உலர்ந்த எடையில் 25 கிராம் போட்டால் 13 கிராம் வரும். தேவை முடிந்தது. எடை தூக்குகிறவருக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும், அதற்குச் சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்.

நம் வீடுகளில் நடக்கும் கோளாறு வேறு. தட்டு நிறையச் சோறு, அதன்மேல் பருப்பு தேடினாலும் கிடைக்காத சாம்பார். சாம்பாரைக் கெட்டியாக வையுங்கள். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, உளுந்தில் அது தாராளம். இட்லி மாவில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

விருகம்பாக்கம், வங்கி ஊழியர்: பி12 மாத்திரை கட்டாயமா? ஸ்பைருலினா, பழைய சோறு எல்லாம் போதும்னு சொல்றாங்களே?

போதாது. மற்ற எல்லாவற்றிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், இதில் மட்டும் கூடாது. பி12-ஐ உண்டாக்குவது பாக்டீரியா. செடியும் உண்டாக்குவதில்லை, மாடும் உண்டாக்குவதில்லை. மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதற்குக் கொடுக்கின்றன. ஸ்பைருலினா என்கிற பாசிப் பொடியில் இருப்பது பெரும்பாலும் பி12 போலவே தோற்றம் கொண்ட, நம் உடம்புக்கு உதவாத ஒரு பொருள். பழைய சோறு குடலுக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் பி12-க்கு அதை நம்பி இருக்க முடியாது.

ஒரு நாள் தேவை 2.2 மைக்ரோகிராம்தான். மாத்திரையாக ஒரே நேரத்தில் விழுங்கும்போது உடம்பு அதில் சிறு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் தினமும் என்றால் 10 மைக்ரோகிராம், வாரம் ஒருமுறை என்றால் 2,000 மைக்ரோகிராம் என்பது வீகன்களுக்குச் சொல்லப்படும் அளவு. உங்களுக்கு எது என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

ஈரலில் இருப்பு இருப்பதால் பாலை விட்ட முதல் இரண்டு மூன்று வருஷம் ஒன்றுமே தெரியாமல் போகலாம். பிறகு கால் மதமதப்பு, நாக்கில் எரிச்சல், மறதி, படியேறினால் அசதி என்று வரும். கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் போதுமான அளவு இருப்பதால் ரத்தசோகை வெளியே தெரியாமலே இருக்கலாம், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், பி12-ஐத் தனியாகப் பாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறவர்களுக்கு அந்த மாத்திரையே பி12 சேர்வதைக் குறைக்கும். அவர்கள் இந்தப் பரிசோதனையை ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பால் குடிக்கும் சைவர்களிலும் இந்தக் குறை நம் நாட்டில் சகஜம்.

ஆவடி, இல்லத்தரசி: எல்லாத்தையும் விட்டுட்டேன் அக்கா, தயிர்சாதத்தை மட்டும் விட முடியல. என்ன வழி?

கடலைத் தயிர் இருக்கிறது. நிதானமாகச் சொல்கிறேன், செய்து பாருங்கள்.

வறுக்காத நிலக்கடலை ஒரு டம்ளர் எடுத்து இரவே ஊறவையுங்கள். காலையில் கையால் கசக்கித் தோலை எடுத்துவிடுங்கள். தோல் தங்கினால் தயிர் பழுப்பாகும், லேசாகத் துவர்க்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வெண்ணெய் போல அரைத்து, மொத்தம் மூன்று டம்ளர் தண்ணீர் சேர்த்து, பழைய வேட்டித் துணியில் பிழியுங்கள். இந்தப் பாலை அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் காய்ச்ச வேண்டும். கையை எடுக்கக் கூடாது, அடிபிடிக்கும். நுரை கட்டிப் பொங்கவும் செய்யும். பச்சை வாடை போய், கரண்டியின் முதுகில் ஒட்டுகிற பதம் வரும்வரை, ஒரு கால் மணி நேரம் கிண்டுங்கள். பிறகு விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பச்சை மிளகாயின் காம்பைத் தொப்பியோடு கிள்ளி ஒரு பத்து, பாலில் முங்கும்படி போட்டு மூடிவையுங்கள். உறைவதற்கான பாக்டீரியா அந்தக் காம்பிலேயே இருக்கிறது.

முதல் ஈடு தளர்வாகத்தான் உறையும். அதைக் குழம்பில் ஊற்றிவிடலாம். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த ஈட்டுக்கு உறை குத்துங்கள், அதுதான் கெட்டியாக வரும். பிழிந்த சக்கையை அடை மாவில் கலந்துவிடுங்கள். சாதத்தைக் குழைய மசித்து, சாப்பிடும் நேரத்தில் தயிர் விட்டு, கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளியுங்கள்.

தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் வேண்டாம், அது மோரில் ஊறியது. சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றலையும் மோரில் ஊறவைத்துக் காயவைப்பதுதான் பெரும்பாலான வீட்டு வழக்கம். கேட்டு வாங்குங்கள். மாவடு, நாரத்தங்காய் ஊறுகாய் பிரச்சினையில்லை.

மாம்பலம்: ஃபில்டர் காபி?

முந்திரிப் பாலோ ஓட்ஸ் பாலோ. பாலை முதலில் சூடாக்கி வைத்துக்கொண்டு, டிகாக்‌ஷனை மெல்ல அதில் ஊற்றுங்கள். சோயா பாலும் பாதாம் பாலும் டிகாக்‌ஷனின் புளிப்பில் திரியக்கூடும். எந்தக் காபியாக இருந்தாலும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கீரையிலும் பருப்பிலும் வரும் இரும்புச்சத்தைக் காபியும் டீயும் உடம்பில் சேரவிடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதைச் சேர்த்துவைக்கும்.

கோவை: நாங்களும் இங்கே மாதாமாதம் கூடலாம் என்று இருக்கிறோம். ஏற்பாட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

ரொம்ப சந்தோஷம். முதல் கூட்டத்திலேயே உங்களுக்கும் இது நடக்கும்: பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் கையில் புளிசாதம், தக்காளிசாதம், எலுமிச்சைச் சாதம். மற்ற இரண்டு பேர் கேசரி. அதனால் யார் எதைக் கொண்டுவருவது என்பதை வகையாகப் பிரித்துக் கொடுங்கள். பயறு, பருப்பு வகை மூன்று பேர். கீரை இரண்டு பேர். பொரியல், கூட்டு மூன்று பேர். பச்சைக் காய், பழம் ஒருவர். இனிப்பு ஒருவருக்கு மேல் வேண்டாம். சாதத்தை மட்டும் கூட்டம் நடக்கும் வீட்டிலேயே வடித்துக்கொள்ளுங்கள், சூடாகவும் இருக்கும், அளவும் தெரியும். இருபது பேர் வந்தாலும் ஒவ்வொருவரும் ஐந்தாறு பேருக்கு ஆகிற அளவு செய்தால் போதும். இருபது பேருக்கும் செய்தால் பாதி குப்பைக்குப் போகும், அதைப் பார்க்கவே மனசு வராது.

ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் ஒரு சீட்டு வையுங்கள். பெயரை எழுதினால் மட்டும் போதாது, என்னென்ன போட்டது என்றும் இருக்கட்டும். நிலக்கடலை, முந்திரி, எள், சோயா, கோதுமை இவற்றில் ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாதவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், அதையும் எழுதுங்கள்.

தேங்காய்ப் பால் விட்ட பதார்த்தமும் தேங்காய்ச் சட்னியும் நம் வெயிலுக்குத் தாங்காது. சமைத்த எதுவும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கோடையில் ஒரு மணி நேரம்தான். சட்னிக்குத் தேங்காய், பொட்டுக்கடலை, மிளகாயைத் தனித்தனியாகக் கொண்டுவந்து அங்கேயே அரைத்துவிடுங்கள். சொதி மாதிரி தேங்காய்ப் பால் குழம்பு எதையாவது தொலைவிலிருந்து கொண்டுவருகிறவரிடம் வெந்த காயையும் பயறையும் அந்தத் தண்ணீரோடு கொண்டுவரச் சொல்லி, முதலில் பிழிந்த தலைப்பாலை வந்த இடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தட்டும் டம்ளரும் அவரவர் வீட்டிலிருந்து எவர்சில்வரில்.

தூத்துக்குடி: அந்த ஒரே இனிப்பு எதுவாக இருக்கலாம்?

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறதே! முதலூர் மஸ்கோத் அல்வா தேங்காய்ப் பாலில் கிண்டுவது, நெய்யே வேண்டாம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இன்னொன்று. ஆனால் உங்கள் ஊர் மக்ரூனில் முட்டையின் வெள்ளைக்கரு இருக்கிறது, பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் இருக்கின்றன.

பெரம்பூர், 52 வயது: பால் இல்லாமல் எலும்பு என்ன ஆகும்?

ஒரு நாளைக்கு 1,000 மி.கி. கால்சியம் வேண்டும். 100 மில்லி பாலில் சுமார் 120 மி.கி. இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 350-ஐ ஒட்டி, முருங்கைக்கீரையில் 300-க்கு மேல், அகத்திக்கீரையில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. எள்ளுருண்டை ஒன்று தினமும் சாப்பிடலாம், எள்ளைத் தோலோடு பயன்படுத்துங்கள். பாலக் கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆக்சலேட் அதிகம் என்பதால் கால்சியம் அநேகமாகச் சேராது. உங்கள் வயதில் வைட்டமின் டி-யையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடையில் கிடைக்கும் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோம எண்ணெயிலிருந்து எடுப்பது. பாசிக்காளானிலிருந்து எடுத்த டி3-யும், டி2-வும் கிடைக்கின்றன.

இன்னொன்று. ஆரோக்கியம் என்று இந்துப்புக்கு மாறிய வீகன் வீடுகள் நிறைய. இந்துப்பில் சாதாரணமாக அயோடின் சேர்ப்பதில்லை. பாலும் முட்டையும் மீனும் இல்லாத வீட்டில் அயோடின் கலந்த உப்புதான் தைராய்டுக்குத் துணை.

வேளச்சேரி, ஐ.டி. ஊழியர்: வீகன் ஆகி ஒரு வருஷத்துல எடையும் சுகரும் ஏறிடுச்சு மேடம். எப்படி?

சிப்ஸும் வீகன்தான், மைதா பிஸ்கட்டும் வீகன்தான். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பயறு, கால் பங்கு மட்டும் சோறு அல்லது சிறுதானியம். வரகும் சாமையும் மாவுச்சத்துதான், அளவு பார்க்காமல் சாப்பிட்டால் அதுவும் ஏறும். பாலுக்குப் பதிலாக எல்லாவற்றிலும் தேங்காய்ப் பால் ஊற்றுகிறீர்களா என்றும் பாருங்கள்.

திருச்சி: கடையில் வாங்கும்போது பச்சைப் புள்ளி இருந்தால் போதுமா?

போதாது. பச்சைப் புள்ளி என்றால் சைவம், பாலும் தேனும் அதில் அடக்கம். வீகன் உணவுக்கென்று தனி விதிமுறை 2022-இல் வந்தது. பச்சை நிறத்தில் 'வி' எழுத்தும் இலையும் சேர்ந்த அடையாளத்தைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் பால் திடப்பொருள் (மில்க் சாலிட்ஸ்), மோர்ப் புரதம் (வே புரோட்டீன்) என்று இருக்கிறதா என்று படியுங்கள். ரொட்டி, பிஸ்கட், டார்க் சாக்லேட்டில்கூட இருக்கும். ஓட்டலில் 'வீகன்' என்று சொன்னால் சர்வருக்குப் புரியாமல் போகலாம். 'பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் வேண்டாம், பொடி இட்லிக்கு நல்லெண்ணெய் போடுங்க' என்று சொல்லுங்கள். அவியலில் தயிர் இருக்கும், பரோட்டா மாவில் முட்டையோ பாலோ இருக்கலாம், ரசத்தை நெய்யில் தாளித்திருப்பார்கள்.

அம்பத்தூர்: எட்டு மாதக் குழந்தைக்கு?

தாய்ப்பால், இரண்டு வயது வரை. அத்தோடு குழைத்த பருப்பு, கேழ்வரகு, காய், பழம். வீட்டில் எடுக்கும் கடலைப் பாலோ தேங்காய்ப் பாலோ தாய்ப்பாலுக்கு மாற்று இல்லை. தாய்ப்பால் போதவில்லை என்றால் கைக்குழந்தைகளுக்கான ஃபார்முலாதான். தாய் பி12 எடுக்காவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். குழந்தைக்கான சொட்டு மருந்தைக் குழந்தை மருத்துவரிடம் மறைக்காமல் பேசி முடிவு செய்யுங்கள்.

சேலம்: மாமியார் பூஜைக்குப் பால் இல்லாமல் முடியாது என்கிறார்.

இளநீர் அபிஷேகம் நம் கோயில்களில் உள்ள வழக்கம்தான் என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். நைவேத்தியத்துக்குப் பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காய்ப் பாலும் சேர்த்த பாயசம் போதும், அதை அவரே உங்களைவிட நன்றாகச் செய்வார். செய்யச் சொல்லிக் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

திருவான்மியூர்: என் கணவர் மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

தாராளமாக. வீகனாக இருந்தால்தான் வரலாம் என்று நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை, கொண்டுவரும் பதார்த்தம் மட்டும் வீகனாக இருக்க வேண்டும். வாழைக்காயை வட்டமாக நறுக்கி, உங்கள் வீட்டு மீன் மசாலாவையே தடவி, அரை மணி ஊறவைத்துக் கல்லில் போட்டு எடுங்கள். அவர் கையாலேயே செய்து கொண்டுவரட்டும். எத்தனை பேர் என்று மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், அரிசி அளக்க வேண்டும்.