வாரண்டி முடிந்த காருக்கு எஞ்சின் வேலை 90,000 ரூபாய் என்கிறார்கள், ஒப்புக்கொள்ளலாமா?

ஒன்பது வருடப் பெட்ரோல் கார், நீலப் புகை, ஆயில் குறைகிறது என்கிறீர்கள். இதை மட்டும் வைத்து எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று அளக்கும் சோதனை. எஞ்சின் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சுழற்ற வேண்டும். சிலிண்டர்களுக்கு இடையே அழுத்த வித்தியாசம் 15 சதவீதத்தைத் தாண்டினால், குறைவாகக் காட்டிய சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) பக்கம் கோளாறு.

கம்ப்ரஷன் நன்றாக இருந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகை வந்தால் வால்வு சீலை (வால்வு வழியாக ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் அடைப்பை) சந்தேகியுங்கள். பல எஞ்சின்களில் ஹெட்டை இறக்காமலேயே மாற்றலாம். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்தாலும் ஆயில் போகும். அதைப் பார்க்காமலே ஓவர்ஹால் (எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சரிசெய்வது) சொல்பவர்கள் உண்டு. ஆனால் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலை வழிக்கும் ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்துச் சிக்கியிருந்தால் கம்ப்ரஷன் சரியாகவே காட்டும், ஏமாந்துவிடாதீர்கள்.

பிரித்தே ஆகவேண்டுமென்றால் உதிரிபாகம், லேத் வேலை (பட்டறையில் பாகங்களைக் கடைந்து சரிசெய்வது), கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். போரை அளக்காமல் ரிங் மட்டும் மாற்றினால் சில மாதத்தில் புகை திரும்பிவிடலாம். கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.