கடைவீதி, டெக்கீலா, செனோட்டே: அரை நாள் டூரில் எது முதலில்?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். டிசம்பரில் ஐந்து நாள் பயணமாக மெக்சிகோவின் கான்கூனுக்குப் போகிறோம். நான், மனைவி, 13 வயது மகள், 68 வயதான என் அப்பா. குறைந்த விலையில் ஒரு அரை நாள் டூர் பார்த்து வைத்திருக்கிறோம். ஐந்து மணி நேரம். முதலில் கடைவீதி, அடுத்து டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவை ருசி பார்ப்பது, கடைசியில் செனோட்டே என்னும் இயற்கைக் குளத்தில் நீச்சல். எனக்கும் மகளுக்கும் நீந்தத் தெரியும். மனைவிக்கும் அப்பாவுக்கும் தெரியாது. இதில் போகலாமா, நாங்களே தனியாகப் போவது மேலா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் இந்த வரிசையில் போக வேண்டாம். தண்ணீர் முதலில், மது கடைசியில். விலை, நேரம், வசதி எல்லாவற்றையும் இதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

டெக்கீலாவில் ஆல்கஹால் 35 முதல் 55 சதவீதம் வரை இருக்கலாம் என்று அந்நாட்டு விதி சொல்கிறது. சின்னக் குவளைதானே என்று நான்கு வகை ருசித்தால், வெயிலில் அலைந்து வந்த உடம்பில் அது சீக்கிரம் ஏறும். அதோடு போய் இறங்கும் செனோட்டே தண்ணீர் வருடம் முழுக்க சுமார் 25 டிகிரி செல்சியஸ். கடலைவிடக் குளிர்ச்சி. மது தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிய வைக்கும். அதனால் உடம்பு கதகதப்பாக இருப்பது போலத் தோன்றும், உண்மையில் வெப்பம் வேகமாக வெளியேறிக்கொண்டிருக்கும். 'இந்தப் பாறையிலிருந்து குதித்துப் பார்க்கலாமே' என்று தோன்றுவதும் அப்போதுதான். நீந்தத் தெரிந்த உங்களுக்கே இதைச் சொல்கிறேன். ஆபத்து வந்தால் மகளைப் பிடிக்க வேண்டியவர் நீங்கள்.

டூர் நடத்துபவரிடம் வரிசையை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். தனி வேன் என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். பல குடும்பங்கள் சேர்ந்து போகும் வேன் என்றால் பாதை ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அப்போது ஒரு எளிய வழி இருக்கிறது. ருசி பார்க்கும் இடத்தில் முகர்ந்து பாருங்கள், நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், பிடித்ததை வாங்கிக்கொள்ளுங்கள். இரவு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கலாம். உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

சரி, இந்த டூர் ஏன் இவ்வளவு மலிவு? வேன், டிரைவர், வழிகாட்டி, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ஆகும் செலவை நீங்கள் கொடுக்கும் தொகை ஈடுகட்டுவது கடினம். மீதியைக் கொடுப்பது கடைகள். வேன் நிற்கும் நகைக்கடையிலும் மதுக்கடையிலும் நீங்கள் வாங்குவதில் ஒரு பங்கு டூர்காரருக்குப் போகும். இது ஏமாற்று வேலை இல்லை, உலகம் முழுக்கச் சுற்றுலாத் தொழிலில் இருக்கும் ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பணத்தில் மிச்சமாவதை நேரத்தில் கொடுக்கிறீர்கள். நான் முதல்முறை இதே மாதிரி ஒரு டூரில் போனபோது ஐந்து மணி நேரத்தில் தண்ணீருக்குள் இருந்தது முப்பத்தைந்து நிமிடம். கடைகளில் நின்றது அதைப்போல மூன்று மடங்கு. அன்றிலிருந்து விலையைக் கேட்பதற்கு முன்னால் 'தண்ணீருக்குள் எத்தனை நிமிடம்?' என்று கேட்கிறேன். ஒரு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் வேண்டாம் என்பேன்.

இன்னொன்று, 'செனோட்டே' என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த செனோட்டே என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் குடும்பத்துக்கு இதுதான் மிக முக்கியம்.

கான்கூன் இருக்கும் யூகடான் தீபகற்பம் ஒரு பெரிய சுண்ணாம்புப் பாறைத் தட்டு. அதன் வடபகுதியில் தரைமேல் ஓடும் ஆறு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. பெய்யும் மழை பாறை வழியாக இறங்கி, அதைக் கரைத்து, நிலத்துக்கு அடியில் குகைகளாக ஓடுகிறது. அந்தக் குகையின் கூரை எங்கே இடிந்து விழுகிறதோ அங்கே ஒரு செனோட்டே பிறக்கிறது. மாயா மொழியில் 'த்சொநோட்' என்ற சொல்லை ஸ்பானியர்கள் அப்படி மாற்றிக்கொண்டார்கள். ஆறில்லாத நாட்டில் மாயா மக்களின் ஊர்கள் இந்தத் தண்ணீரை நம்பித்தான் எழுந்தன. துலும் ஊருக்கு அருகே இருக்கும் சாக் ஆக்துன் என்ற நீரடிக் குகை, பக்கத்திலிருந்த தோஸ் ஓஹோஸ் குகையோடு இணைந்திருப்பதை 2018-இல் கண்டுபிடித்தார்கள். இரண்டும் சேர்ந்து அப்போதைய அளவில் 347 கிலோமீட்டர். நீங்கள் நீந்தும் அந்தச் சின்னக் குளம் அப்படி ஒரு நிலத்தடி வலையின் ஜன்னல். எனக்கு இந்த நினைப்பு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தரும். மகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அறுபத்தாறு மில்லியன் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்ததும் இதே தீபகற்பத்தின் வட ஓரத்தில்தான். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் செனோட்டேக்கள் ஒரு வளையமாகவே அமைந்திருக்கின்றன. 13 வயதுக்கு இது போதும், கடையில் நிற்கும் நேரத்தையும் பொறுத்துக்கொள்வாள்.

இடிந்த கூரையின் அளவைப் பொறுத்து இவை பல மாதிரி. சில கிணறு போலச் செங்குத்தாக இறங்கும், சில பாதி குகைக்குள் இருக்கும், சில வானம் பார்த்த திறந்த குளம். கடற்கரை போலக் கால் ஊன்றிக்கொண்டே மெல்ல ஆழத்துக்குப் போவது இங்கே அரிது. படியிலிருந்து காலை எடுத்தால் கீழே பத்து மீட்டருக்கு மேல் இருக்கலாம். இது நல்ல தண்ணீர், உப்புக் கடல் மாதிரி உடம்பைத் தூக்கிக் கொடுக்காது. ஆகவே உங்கள் மனைவிக்கும் அப்பாவுக்கும் திறந்த செனோட்டேதான் சரி. கான்கூனுக்குத் தெற்கே உள்ள பிளாயா தெல் கார்மென் என்ற ஊரையும் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் செனோட்டே அசூல் அப்படிப்பட்டது. ஆழமில்லாத பகுதிகள் உண்டு, அப்பா கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டே பேத்தி நீந்துவதைப் பார்க்கலாம். குறுகலான படிகளில் இறங்க வேண்டிய குகை செனோட்டே என்றால் முழங்கால் வலி இருக்கும் பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள், ஈரப் படியில் வழுக்கும். லைஃப் ஜாக்கெட்டை நீந்தத் தெரிந்தவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பல இடங்களில் கட்டாயம். அதன் வாடகை கட்டணத்தில் அடக்கமா, நுழைவுச் சீட்டு அடக்கமா என்று கேட்டுவிடுங்கள். மலிவான டூர்களில் இவை இரண்டும்தான் வாசலில் வைத்து வாங்கப்படும்.

சன்ஸ்கிரீன், கொசு விரட்டும் கிரீம் எதையும் பூசிக்கொண்டு இறங்க விடமாட்டார்கள், முதலில் ஷவரில் கழுவச் சொல்வார்கள். பலர் முணுமுணுப்பார்கள். தயவுசெய்து நீங்கள் முணுமுணுக்காதீர்கள். அந்தப் பகுதி மக்களுக்குக் குடிநீர் தருவது இந்த நிலத்தடி நீர்தான். கடைசியில் அது போய்ச் சேர்வது கடலோரப் பவளப்பாறைகளிடம். கிரீமுக்குப் பதில் முழுக்கை நீச்சல் சட்டை வாங்கிக்கொள்ளுங்கள், வெயில் உறைக்காது.

டெக்கீலாவுக்கு வருவோம். கான்கூன் இருக்கும் கின்டானா ரோ மாநிலத்தில் டெக்கீலா தயாராவதில்லை. சட்டப்படி ஹலிஸ்கோ மாநிலம் முழுவதிலும், குவானஹுவாதோ, மிச்சோவாகான், நயாரித், தமவ்லிபாஸ் மாநிலங்களின் சில பகுதிகளிலும் மட்டுமே அந்தப் பெயரில் காய்ச்சலாம். 1974 முதல் அந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. ஆகவே டூரில் உங்களைக் கூட்டிப் போவது ஆலைக்கு இல்லை, கடைக்கு. 'ஆலைச் சுற்றுலா' என்று எழுதியிருந்தாலும் எங்கே காய்ச்சுகிறார்கள் என்று கேளுங்கள்.

கடை என்றாலும் ருசித்துப் பார்ப்பதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பாட்டிலில் '100% தெ அகாவே' என்று இருக்கிறதா என்று பாருங்கள். நீல அகாவே என்பது ஆனைக்கற்றாழையின் உறவு. முழுக்க அதன் சர்க்கரையில் காய்ச்சினால்தான் இப்படி எழுதலாம். வெறும் 'டெக்கீலா' என்று இருந்தால் 51 சதவீதம் அகாவே போதும், மீதி வேறு சர்க்கரையாக இருக்கலாம். அப்புறம் 'என்.ஓ.எம்.' என்ற எழுத்துகளும் அதன் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். எந்த ஆலையில் தயாரானது என்பதை அந்த எண் சொல்லும். அது இல்லாத பாட்டில், எவ்வளவு அழகான கண்ணாடியாக இருந்தாலும், டெக்கீலா இல்லை.

முதலில் பிளாங்கோவைக் கேளுங்கள். பீப்பாயில் ஊறாதது, செடியின் மணம் அப்படியே தெரியும். அடுத்து ரெபொசாடோ, பீப்பாயில் குறைந்தது இரண்டு மாதம். அதன்பின் அன்யேஹோ, குறைந்தது ஒரு வருடம். மூன்று வருடம் தாண்டினால் எக்ஸ்ட்ரா அன்யேஹோ. கடைக்காரர் பெரும்பாலும் இனிப்பான காபி, பாதாம் வகைகளை முதலில் நீட்டுவார். நாக்கு இனிப்பில் ஊறிவிட்டால் மற்ற எதுவும் தெரியாது, அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அந்த மண்ணுக்கே உரிய ஒன்றைக் கேட்பதானால் ஷ்டபென்டூன் கேளுங்கள். தேனும் சோம்பும் சேர்ந்த யூகடான் மது. டெக்கீலா எங்கும் கிடைக்கும், இது அவ்வளவு எளிதில் கிடைக்காது. மெக்சிகோவில் மது அருந்தும் வயது 18. ருசி பார்க்கும் இருபது நிமிடமும் மகளை யார் பார்த்துக்கொள்வது என்று முன்பே பேசி வையுங்கள்.

கடைவீதியில் நான் சொல்ல விரும்புவது மூன்றே பொருள்களைப் பற்றி. வெள்ளி நகையில் 925 முத்திரை, அதாவது 92.5 சதவீதம் வெள்ளி என்ற அடையாளம், இருக்க வேண்டும். 'அல்பாகா' என்று சொன்னால் அதில் வெள்ளியே கிடையாது, நிக்கலும் செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். பெரிய பாட்டிலில் ரொம்ப மலிவாக விற்கும் வனிலா சாறு வேண்டவே வேண்டாம். சிலவற்றில் கூமரின் என்ற வேதிப்பொருள் கலந்திருக்கும், அமெரிக்காவில் 1954 முதல் உணவில் அதற்குத் தடை. ஆமை ஓட்டில் செய்ததை யார் நீட்டினாலும் தொடாதீர்கள், கஸ்டம்ஸில் பறிபோகும், அந்த உயிருக்கும் நாம் செய்யும் தீங்கு. வாங்கத் தகுந்தது எது என்றால் ஹம்மாக், அதாவது வலை ஊஞ்சல். யூகடானின் உண்மையான கைவேலை அது. நூலின் நெருக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். கான்கூனில் மெர்காதோ 28 சந்தையில் பேரம் பேசலாம், பேச வேண்டும். டாலரை வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அவர்கள் வைக்கும் மதிப்பில். மெக்சிகோ நாணயமான பெசோவாகக் கொடுங்கள். ஏ.டி.எம். திரையில் 'உங்கள் நாட்டுப் பணத்தில் மாற்றித் தரவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

இனி, தனியாகப் போவது பற்றி. இளைஞர்கள் இருவர் என்றால் யோசிக்காமல் 'போங்கள்' என்பேன். பிளாயா தெல் கார்மெனிலிருந்து துலும் வரை 307-ஆம் எண் நெடுஞ்சாலையில் கொலெக்டீவோ என்ற பகிர்வு வேன்கள் ஓடிக்கொண்டே இருக்கும். செனோட்டே பெயரைச் சொன்னால் வாசலில் இறக்கிவிடுவார்கள், கட்டணம் மிகக் குறைவு. ஆனால் நீங்கள் கான்கூனில் தங்குகிறீர்கள். அங்கிருந்து பிளாயாவுக்கே ஒரு மணி நேரம் ஆகும். திரும்பும்போது வேகமாக வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். 68 வயதுப் பெரியவரோடு அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது: நால்வருக்கு மட்டும் டிரைவரோடு ஒரு வண்டி பேசிக்கொள்ளுங்கள். நான்கு டூர் சீட்டுகளின் விலையையும் வண்டி வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும். தெற்கே அசூல் வரை போக நேரமில்லை என்றால் வழியிலேயே புவேர்தோ மொரேலோஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பும் சாலைக்கே 'செனோட்டே பாதை' என்று பெயர். திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் பெரிய பஸ்கள் வர ஆரம்பிக்கும். குளித்து, உலர்ந்த துணி மாற்றி, புவேர்தோ மொரேலோஸ் கடைத்தெருவில் கொஞ்சம் நடந்து, மதியம் சாப்பிட்ட பிறகு டெக்கீலா. வெறும் வயிற்றில் ருசி பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

டூர்தான் வசதி என்று முடிவெடுத்தால் ஒரு விஷயம். பாதை வயாதொலீத் என்ற ஊர்ப் பக்கம் போனால் அது யூகடான் மாநிலம், கடிகாரம் கான்கூனைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். திரும்பும் நேரம் எந்த மாநிலக் கணக்கில் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாட்டில் வாங்கினால்: அமெரிக்காவுக்குள் 21 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஒரு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுபோகலாம். உங்கள் வீட்டில் மூன்று பேர், ஆக மூன்று லிட்டர். விமான நிலையத்துக்கு வெளியே கடையில் வாங்கியதைக் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில்தான் போக வேண்டும். அந்த ஹம்மாக்கில் சுற்றி வைத்தால் பாட்டில் உடையாது.