வரிசை மாற்றிப் படித்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலையில் மாதம் ஒரு புத்தகம் எடுத்துப் பேசுகிறோம். ஆ. மாதவனின் 'கடைத்தெருக் கதைகள்' பேசியபோது, பெரும்பாலும் ஒரே தெருவில் நடப்பதால் இதை ஒரு நாவலாகவே படிக்கலாம் என்றார் ஒருவர். தனித்தனிக் கதைகளை அப்படிச் சேர்த்துப் படிப்பது சரியா?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: ஒரே தெரு என்பது மட்டும் போதாது. கதைகளை மனசுக்குள் வரிசை மாற்றிப் பாருங்கள், ஏதாவது கெட்டுப்போகிறதா என்று.

அமெரிக்க எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சன் 1919இல் வெளியிட்ட 'வைன்ஸ்பர்க், ஒஹையோ'வும் ஒரு சின்ன ஊர், ஆளுக்கொரு கதை என்றுதான் போகிறது. உள்ளூர்ப் பத்திரிகையில் வேலை பார்க்கும் ஜார்ஜ் வில்லார்ட் என்ற பையன் பல கதைகளில் ஓரமாக வந்துபோகிறான், வேறு யாரிடமும் சொல்ல முடியாததை ஊர்க்காரர்கள் அவனிடம் சொல்லப் பார்க்கிறார்கள், கடைசியில் அவன் அம்மா இறந்த பிறகு ரயிலேறிப் போய்விடுகிறான். அந்தக் கடைசிக் கதையைத் தூக்கி முதலில் வைத்தால் ஒரு பையன் ஊரைவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். அத்தனை பேருடைய பேச்சையும் கேட்டுவிட்டு வந்தால்தான் அவன் எதையெல்லாம் விட்டுப் போகிறான் என்பது நமக்கு உறைக்கும். அதை நாவலாகப் படிப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மாதவன் விஷயம் வேறு. திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் தானே கடை நடத்திக்கொண்டு, கண்ணெதிரே பார்த்த மனிதர்களை எழுதியவர் அவர். எந்தக் கதையை முன்னால் எடுத்தாலும் அதனதன் அடி அப்படியே விழுகிறது. நாவல் எழுத நினைத்தபோது 'புனலும் மணலும்', 'கிருஷ்ணப் பருந்து' என்று நாவலாகவே எழுதியிருக்கிறார். இந்தக் கதைகளை நாவலாக்கினால் நஷ்டம் கதைகளுக்குத்தான், ஏனென்றால் ஒன்று முடிந்த இடத்தில் நிற்காமல் 'அப்புறம் அந்த ஆள் என்ன ஆனான்' என்று அடுத்ததில் தேடப் போய்விடுவோம், அவர் வெட்டி நிறுத்திய இடத்தின் வலி நமக்குக் கிடைக்காது. சேர்த்துப் படித்தால் அந்தத் தெரு முழுசாகக் கிடைக்கும், அது பெரிய லாபம்தான். ஆனால் நாளொன்றுக்கு ஒரு கதை என்று படியுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் மலையாளத்தில் ஓ.வி. விஜயன் எழுதிய 'கசாக்கின் இதிகாச'த்தை எதில் சேர்ப்பது? அதிலும் ஆளுக்கொரு கதைதானே?
- அதே வாசகி

பதில்: சந்தேகமே வேண்டாம், நாவல். ஓ.வி. விஜயனுக்கு கசாக் என்ற அந்தக் கற்பனை ஊரைக் கொடுத்த தசராக் கிராமம் உங்களுக்கு ரொம்ப தூரமில்லை. மொல்லாக்கா, அப்புக்கிளி என்று ஊர்க்காரர்கள் பின்னால் அத்தியாயங்கள் கிளை பிரிந்து போனாலும், நாயகன் ரவி ஓராசிரியர் பள்ளிக்கு வந்து சேர்வதில் தொடங்கி கிளம்புவதில் முடிகிறது. நடுவில் வைசூரி வந்து ஊரையே கலைத்துப் போடுகிறது. அந்த அத்தியாயங்களை முன்பின்னாக மாற்றினால் புத்தகம் உடைந்துவிடும். யூமா வாசுகியின் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. உங்கள் குழுவில் மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் மூலத்தையே எடுக்கட்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த மாதம் பேசுங்கள்.