கணுக்கால் முறிவுக்கு ஒரு கருவி: வலிமையா, திசையா?

கேள்வி: நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவன். கணுக்கால் எலும்பு முறிவு அறுவை சிகிச்சைக்கு உதவும் கருவி ஒன்றை வடிவமைப்பதை எங்கள் குழு செயல்திட்டமாக எடுத்துக்கொண்டுள்ளது. முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகடான பிளேட்டை, இப்போதுள்ளவற்றைவிட வலுவாக உருவாக்க நினைக்கிறோம். இது சரியான தொடக்கமா?

பதில்: வலுவான பிளேட்டுக்கு அங்கே பெரிய தேவை இருப்பதாக நான் கருதவில்லை. எலும்பு முறிவுகளுக்கு உலோகப் பொருத்துகளைச் செம்மைப்படுத்துவதற்காகச் சுவிட்சர்லாந்தில் 1958-இல் ஏ.ஓ. என்னும் அறுவை மருத்துவர் குழு தொடங்கியதிலிருந்து, பிளேட்டுகளும் ஸ்குரூக்களும் வேண்டிய அளவு வலிமை பெற்றுவிட்டன. மேலும், கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்பின்மேல் தோலும் மெல்லிய திசுவும் மட்டுமே இருப்பதால், பிளேட் தடிக்கத் தடிக்கத் தையல் மூடுவதும் புண் ஆறுவதும் கடினமாகும். பின்னாளில் காலணி உரசும் இடமும் அதுவே.

உண்மையான சிக்கல், எலும்புகளைப் பழைய இடத்தில் துல்லியமாகச் சேர்ப்பதும், ஸ்குரூ ஏறும்வரை அவை நகராமல் பிடித்திருப்பதும்தான். கணைக்காலின் இரண்டு எலும்புகளான, உட்புறத்து டிபியாவும் வெளிப்புறத்து ஃபிபுலாவும் கீழ்முனையில் சேர்ந்து அமைக்கும் பள்ளத்தில், தச்சர் இழைத்துப் பொருத்திய மூட்டைப் போல, தாலஸ் என்னும் எலும்பு இடைவெளியின்றி உட்கார்ந்திருக்கிறது. அது 1 மி.மீ. வெளிப்புறமாக நகர்ந்தாலே மூட்டுப் பரப்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பளவு சராசரியாக 42 விழுக்காடு குறைகிறது என்று ராம்சே, ஹாமில்டன் ஆகியோர் 1976-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தொடும் பரப்பு குறைந்தால் அதே உடல் எடை சிறிய இடத்தில் அழுத்தும்; குருத்தெலும்பு தேயும்.

இதில் மிகவும் தடுமாறச் செய்யும் இடம், டிபியாவையும் ஃபிபுலாவையும் பிணைத்திருக்கும் சிண்டெஸ்மோசிஸ் என்னும் நார்ப்பிணைப்பு. அது கிழிந்திருந்தால், அறுவை மருத்துவர் கூர்முனைக் கிளாம்பின் (இடுக்கியின்) ஒரு முனையை ஃபிபுலாவிலும் மறுமுனையை டிபியாவின் உட்புறத்திலும் வைத்து இறுக்கி, அறுவையின்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்து, துளையிட்டு ஸ்குரூவை ஏற்றுகிறார். ஃபிபுலா டிபியாவுக்குச் சற்றுப் பின்பக்கமாக இருப்பதால், ஸ்குரூ மூட்டுக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே, முன்நோக்கி ஏறத்தாழ 25 முதல் 30 பாகை சாய்ந்து செல்ல வேண்டும். அந்தச் சாய்வைப் பெரும்பாலும் கண்தான் அளக்கிறது. கிளாம்ப் கோணலாக விழுந்தால், இறுக்கும் விசையே ஃபிபுலாவை முன்னோ பின்னோ தள்ளிவிடும், அல்லது திருப்பிவிடும். எக்ஸ்ரே தட்டையான நிழல் என்பதால் அந்தப் பிசகு அதில் எளிதில் ஒளிந்துகொள்கிறது. அறுவைக்குப் பின் சி.டி. ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரிய வருகிறது. அளவுக்கு மீறி இறுக்கினாலும் பிழைதான்.

ஆகவே, கிளாம்பின் திசையையும் துளையிடும் திசையையும் ஒரே அச்சில் கட்டிப்போடும் வழிகாட்டி ஒன்றை நீங்கள் முயலலாம். 3.5 மி.மீ. ஸ்குரூவுக்கு 2.5 மி.மீ. துளை போடுவது வழக்கம். அந்த டிரில் செல்லும் குழலை கிளாம்பின் கையோடு இணைத்துவிட்டால் இரண்டும் விலகாது. எக்ஸ்ரே காட்சியை மறைக்காதிருக்க, மூட்டுக்கு எதிரே வரும் பகுதி கார்பன் இழை அல்லது பீக் (PEEK) என்னும் பிளாஸ்டிக் போன்ற, எக்ஸ்ரே ஊடுருவும் பொருளில் இருக்கட்டும். விசைக்கு இத்தனை நியூட்டன் என்று ஒரே எண்ணை நிர்ணயிக்க முயலாதீர்கள். வயதானவரின் நொய்ந்த எலும்பும் இளைஞரின் எலும்பும் ஒன்றல்ல. இறுக்கத்தைப் படிப்படியாகக் கூட்டவும் உடனே தளர்த்தவும் முடிவதே பயன்தரும். உட்புற முனையின் இடத்தையும் கவனியுங்கள்: உட்கணுவுக்கு முன்னால் சஃபீனஸ் சிரையும் நரம்பும் செல்கின்றன. இடது, வலது கால்கள் இரண்டுக்கும் ஒரே கருவி பொருந்த வேண்டும். ஈரக் கையுறையோடு ஒரு கையால் இயக்கவும் முடிய வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கிளாம்பே இல்லாமல் கட்டைவிரலால் அழுத்தியும், பிணைப்பைத் திறந்து நேரில் பார்த்தும் ஃபிபுலாவைப் பொருத்தும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். செலவில்லாத அந்த விரல்தான் உங்கள் கருவிக்கு உண்மையான போட்டி. வரைபடம் போடுவதற்கு முன் அறுவை அரங்கில், அனுமதி பெற்று, சில அறுவைகளை முழுமையாகப் பார்த்துவிடுங்கள். உதவியாளரின் கை எந்த நிமிடத்தில் தடுமாறுகிறது என்பதை எந்தப் பாடநூலும் சொல்லித்தராது.

கேள்வி: மாதிரிக் கருவியை 3டி பிரிண்டரில் அச்சிட்டு மருத்துவரிடம் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: கையில் பிடித்துப் பார்க்கவும் குறை சொல்லவும் தாராளமாகக் கொடுக்கலாம். நோயாளியிடம் கூடாது. பரவலாக அச்சிடப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸிலேயே இளகிவிடும். கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் நீராவியோ 134 பாகை வரை செல்கிறது. இரத்தம் தங்கும் இடுக்குகள் இல்லாமல், பிரித்துக் கழுவும்படியும் கருவி அமைய வேண்டும். செயற்கை எலும்பு மாதிரிகள் துளையின் கோணத்தைச் சோதிக்க உதவும். அவற்றில் பொதுவாகப் பிணைநார்கள் இல்லாததால் ஃபிபுலா சரியாகப் பொருந்துகிறதா என்பதை அறிய, உரிய அனுமதியுடன், தானமாகப் பெற்ற உடல்களில்தான் பார்க்க முடியும். அங்கே பிணைப்பை வெட்டுவதற்கு முன்னும் பொருத்திய பின்னும் சி.டி. எடுத்து ஒப்பிடுங்கள். கருவியைத் தேர்ந்த மருத்துவரிடம் மட்டுமன்றிப் பயிற்சி மருத்துவர்களிடமும் கொடுத்துச் சோதியுங்கள். தேர்ந்தவர் கையில் சாதாரண கிளாம்பும் நன்றாகவே வேலை செய்யும். மனிதரிடம் பயன்படுத்துவதற்கு முன், ஆபத்து மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14971, பொருள் உடலுக்கு ஒத்துக்கொள்வதைச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 10993 ஆகிய தரநிலைகளின்படி ஆவணங்களும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், நாட்டின் மருத்துவக் கருவி விதிகள் கோரும் அனுமதியும் தேவை. இந்த ஆவணங்களை முதல் வரைபடத்தோடு சேர்த்தே எழுதத் தொடங்குங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் ஏன் செய்தீர்கள் என்பதைப் பிறகு நினைவிலிருந்து எழுத முடியாது.